பாதுகாப்பு உத்தரவு எத்தனை நாள் செல்லும்? ஓராண்டு முடிந்துவிட்டது என்கிறார் தங்கையின் கணவர்

கேள்வி: குடியாத்தம் அக்கா

வணக்கம். என் தங்கைக்காக இதைக் கேட்கிறேன். அவளுக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அடியும் வசவும் தாங்க முடியாமல் 2023ஆம் ஆண்டு பெண் குழந்தையோடு எங்கள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டு, நீதிமன்றத்தில் அவளுக்குப் பாதுகாப்பு உத்தரவும் கிடைத்தது. அவளிடம் கணவர் நேரிலோ தொலைபேசியிலோ பேசக் கூடாது, அவள் ஆசிரியையாக வேலை பார்க்கும் பள்ளிக்குள் நுழையக் கூடாது, குழந்தையின் பள்ளிக்கும் போகக் கூடாது என்று அதில் இருக்கிறது. அதன் பிறகு ஓராண்டுக்கும் மேலாக அவரும் ஒதுங்கித்தான் இருந்தார்.

இந்தப் பங்குனியில் இரண்டு முறை பள்ளிக்கு வந்திருக்கிறார். முதல் முறை வாசலோடு திரும்பிப் போனவர், இரண்டாம் முறை தலைமையாசிரியையின் அறைவரை சென்று, "உத்தரவு ஓராண்டுக்குத்தான், அது எப்போதோ முடிந்துவிட்டது, என் மனைவியைப் பார்க்க எனக்கு உரிமை இருக்கிறது" என்று சத்தம் போட்டிருக்கிறார். தங்கை காவல் நிலையத்துக்குப் போனபோது அங்கிருந்த காவலர் ஒருவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் எத்தனை நாளுக்கு என்று தேதியே போடவில்லையே, வக்கீலைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். கலிபோர்னியாவில் இருக்கும் எங்கள் சித்தப்பா மகனோ, இப்படிப்பட்ட உத்தரவு அதிகபட்சம் ஐந்து ஆண்டு என்கிறான். ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்.

இதற்கிடையில் வைகாசியில் கங்கையம்மன் சிரசுத் திருவிழா வருகிறது. அதற்குள் இருவரையும் சேர்த்து வைத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சிலர் பேசத் தொடங்கி, "எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை" என்று தங்கையிடம் கையெழுத்து வாங்கப் பார்க்கிறார்கள். உண்மையில் உத்தரவு இன்னும் உயிரோடு இருக்கிறதா? அவள் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்?

பதில்: சத்துவாச்சாரி வழக்கறிஞர்

அம்மா, காவலர் எதைக் குறை என்று எண்ணினாரோ அதுவே உங்கள் கேள்விக்கு விடை. தேதி போடாமல் இருப்பதுதான் முறை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 25ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, 18ஆம் பிரிவின் கீழ் வழங்கப்பட்ட பாதுகாப்பு உத்தரவு, பாதிக்கப்பட்ட பெண் தானே முன்வந்து அதை நீக்கக் கோரி மனுச் செய்யும்வரை நடப்பில் இருக்கும் என்று சொல்கிறது. ஓராண்டு, இரண்டாண்டு என்ற கணக்கு எதுவும் அந்தப் பிரிவில் இல்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டியதில்லை. உங்கள் சித்தப்பா மகன் சொல்வது அவர் வாழும் மாநிலத்துச் சட்டம். அந்த நாட்டிலேயே நியூ ஜெர்சியில் இறுதி உத்தரவுக்குக் காலவரம்பு கிடையாது. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் ஒன்றை நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் தங்கையின் கையில் இருப்பது இடைக்கால உத்தரவா, இறுதி உத்தரவா? 23ஆம் பிரிவின் கீழ் வழக்கின் தொடக்கத்திலேயே, சில வேளைகளில் எதிர்த்தரப்பைக் கேட்காமலே, நடுவர் (மாஜிஸ்திரேட்) ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பிக்கலாம். அந்த உத்தரவு மூல மனுவோடு ஒட்டிக்கொண்டு வாழ்வது. மூல மனு தள்ளுபடியானால் அதுவும் போய்விடும். "அடுத்த விசாரணை நாள்வரை" என்று எழுதியிருந்தால், ஒவ்வொரு வாய்தாவிலும் அது நீட்டிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "மறு உத்தரவு வரும்வரை" என்றிருந்தால் அந்தக் கவலை இல்லை. நீதிமன்ற வாசலில் பலரும் இடைக்கால உத்தரவின் நகலையே முழு வெற்றி என்று நம்பி, அடுத்தடுத்த வாய்தாக்களுக்கு வராமல் இருந்துவிடுவதைப் பார்க்கிறேன். அது ஆபத்தானது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வழக்குப் போடுவதற்கு முன்பு காவல் நிலையம் வழியாகக் கோட்டாட்சியர் அலுவலகத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ கணவரிடம் பிணைப்பத்திரம் ஏதாவது எழுதி வாங்கினார்களா? அவர் சொல்லும் ஓராண்டு எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கவே கேட்கிறேன்.

குடியாத்தம் அக்கா

ஐயா, பெட்டியைத் திறந்து எல்லாத் தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு உத்தரவுகள் இருக்கின்றன. ஒன்று 2023 ஆகஸ்டு மாதத்தது, "இடைக்காலம்" என்று இருக்கிறது. மற்றொன்று 2024 பிப்ரவரியில் வந்தது. இரு தரப்புச் சாட்சியமும் விசாரிக்கப்பட்டு மனு பகுதியாக ஏற்கப்படுகிறது என்று அதில் எழுதியிருக்கிறது. பணம் பற்றித் தங்கை கேட்டதில் பாதிதான் கிடைத்தது என்பது நினைவுக்கு வருகிறது, அதனால்தான் பகுதியாக என்று போட்டிருக்கிறார்கள் போலும்.

பத்திரமும் உண்மைதான். 2023 ஜூனில் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து கலவரம் செய்தபோது, காவல் நிலையத்திலிருந்து அனுப்பி அமைதி காப்பதாகப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். அதில் "ஓராண்டு காலத்துக்கு" என்று தெளிவாக இருக்கிறது.

பதில்: சத்துவாச்சாரி வழக்கறிஞர்

நினைத்தது சரிதான். அந்தப் பத்திரம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவின்படி, வருவாய்த் துறை அதிகாரி நிர்வாக நடுவராக அமர்ந்து எழுதி வாங்குவது. இப்போது அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126ஆம் பிரிவு. அதற்கு ஓராண்டுக்கு மேல் ஆயுள் கிடையாது. 2024 ஜூனில் அது காலாவதியாகியிருக்கும். உங்கள் தங்கையின் பாதுகாப்பு உத்தரவுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எழுதி வாங்கியவர் வேறு, சட்டம் வேறு, நோக்கமும் வேறு. 2024 பிப்ரவரி உத்தரவு இறுதி உத்தரவு. அது இன்றும் நடப்பில் இருக்கிறது. 2023 ஆகஸ்டுத் தாள் அதில் கரைந்துவிட்டது. இனிமேல் எங்கே போனாலும் பிப்ரவரி உத்தரவின் சான்றிட்ட நகலையே காட்டுங்கள். இரண்டையும் சேர்த்து நீட்டினால் பார்ப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

ஓராண்டு என்ற சொல் இந்தச் சட்டத்தைச் சுற்றி வேறு இரண்டு இடங்களிலும் வருகிறது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் 31ஆம் பிரிவின்படி ஓராண்டுவரை சிறை, அல்லது 20,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அது தண்டனையின் அளவே தவிர உத்தரவின் ஆயுள் இல்லை. மற்றொன்று, இதைவிட முக்கியமானது. ஓராண்டுவரை மட்டுமே சிறைத் தண்டனை உள்ள குற்றத்தை, அது நடந்த ஓராண்டுக்குள் நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற வரம்பு குற்றவியல் நடைமுறையில் உண்டு. பழைய சட்டத்தில் அது 468ஆம் பிரிவு, இப்போது 514ஆம் பிரிவு. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பாதுகாப்புக் கேட்டு 12ஆம் பிரிவின் கீழ் போடும் மனுவுக்கு இந்த வரம்பு பொருந்தாது என்று தெளிவுபடுத்தியது. உத்தரவை மீறியதற்கான குற்ற வழக்குக்கு அது பொருந்தும், அங்கே ஓராண்டு மீறல் நடந்த நாளிலிருந்து எண்ணப்படும். ஆகையால் பங்குனியில் அவர் பள்ளிக்கு வந்ததைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறப்போடாதீர்கள். உத்தரவுக்கு வயது ஏறி அது செத்துப்போகாது, புகாருக்குத்தான் வயது ஏறும்.

பெரியவர்கள் கேட்கும் கையெழுத்தைப் பற்றி. ஊரார் முன்னிலையில் எழுதிக் கொடுத்த தாள் எதனாலும் நீதிமன்ற உத்தரவு நீங்காது. நீக்க வேண்டுமானால் உங்கள் தங்கை அதே நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும், நடுவர் அதன்மேல் உத்தரவிட வேண்டும். ஆனாலும் கையெழுத்துப் போடாமல் இருப்பதே நல்லது. நாளைக்கு அவர் 25ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவின் கீழ், "சூழ்நிலை மாறிவிட்டது, அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள்" என்று மனுப் போட்டால், அந்தத் தாள்தான் அவருடைய முதல் சான்றாவணமாக இருக்கும்.

பதில்: ஆற்காட்டுக்காரன்

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொலைக் குற்றவாளிக்குக்கூட விடுதலை நாள் ஒன்று உண்டு. கணவன் மனைவிக்கிடையில் ஒரு காலத்தில் நடந்த சண்டைக்காக ஓர் ஆளை ஆயுள் முழுவதும் கட்டிப்போட்டு, அந்தக் கட்டை அவிழ்க்கும் உரிமையை மனைவியின் கையில் மட்டும் கொடுத்திருப்பது சரிதானா? திருந்தியவனுக்கு வழியே இல்லையா?

பதில்: சத்துவாச்சாரி வழக்கறிஞர்

வழி இருக்கிறது, மனைவியின் கையில் மட்டும் இல்லை. உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 29ஆம் பிரிவு இரு தரப்புக்கும் இடம் தருகிறது. மேல்முறையீடு செய்துவிட்டதாலேயே உத்தரவு நின்றுவிடாது, தனியாகத் தடை வாங்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தக் காலம் போன பிறகும், சூழ்நிலை மாறியிருந்தால் உத்தரவை மாற்றவோ திருத்தவோ நீக்கவோ கணவரும் மனுச் செய்யலாம். நடுவர் காரணத்தை எழுத்தில் பதிவு செய்துதான் அதை ஏற்க முடியும்.

எது மாறிய சூழ்நிலை என்பதில்தான் வழக்காடுவோர் தடுமாறுகிறார்கள். கர்நாடகத்து வழக்கு ஒன்றில் மனைவிக்கு மாதம் 12,000 ரூபாயும் இழப்பீடும் வழங்கிய உத்தரவு பல ஆண்டுகளுக்கு முன்பே இறுதியாகிவிட்டது. பிறகு கணவர் வந்து அதை நீக்க வேண்டும், கொடுத்த பணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்றார். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மாற்றம் என்பது உத்தரவு வந்த பிறகு நிகழ்ந்ததாக இருக்க வேண்டும், அதன் விளைவும் இனி வரும் காலத்துக்குத்தான், முன்பு முடிந்ததைத் திரும்பத் தோண்டுவதற்கு அந்தப் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்றது. ஆகவே "முதலிலேயே நான் அடிக்கவில்லை" என்று இப்போது வாதிட முடியாது. அதை அன்றைக்கு மேல்முறையீட்டில் சொல்லியிருக்க வேண்டும்.

கொலையோடு ஒப்பிட்டீர்கள். சிறை என்பது செய்ததற்கான தண்டனை. இந்த உத்தரவு அடிக்காதே, அந்த வாசலில் நிற்காதே என்று மட்டும்தான் சொல்கிறது. அடிக்காமல் இருப்பதற்கு ஒருவருக்குக் காலக்கெடு எதற்கு என்பது என் எண்ணம். உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம்.

பதில்: பழைய சமூகநலத் துறை ஊழியர்

மாவட்டம் பிரிவதற்கு முன்பு, திருப்பத்தூரும் இராணிப்பேட்டையும் வேலூரோடு சேர்ந்திருந்த காலத்தில், சமூகநலத் துறையில் இந்தப் பணியோடு சேர்ந்து உழைத்தவன் நான். 2019க்குப் பிறகு மூன்று மாவட்டங்களாகிவிட்டதால், எந்தப் பாதுகாப்பு அலுவலரிடம் (இந்தச் சட்டத்தின் கீழ் பெண்களுக்கு உதவ அரசு நியமித்தவர்) போவது என்ற குழப்பம் இன்றும் சிலருக்கு இருக்கிறது. குடியாத்தம் வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. எனவே நீங்கள் சத்துவாச்சாரியில் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குப் போய், மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள். கணவர் இராணிப்பேட்டைப் பக்கம் குடியிருந்தாலும் பரவாயில்லை. பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலேயே மனுச் செய்யச் சட்டம் அனுமதிக்கிறது, கிடைத்த உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும் என்று 27ஆம் பிரிவும் சொல்கிறது. நாளைக்குத் தங்கை பெங்களூருக்கு வேலைக்குப் போனால்கூட இதே தாள் அங்கும் உயிரோடு இருக்கும்.

உத்தரவு மீறப்பட்டால் என்ன செய்வது என்பது இந்தச் சட்டத்துக்கான 2006ஆம் ஆண்டு விதிகளில் 15ஆவது விதியில் இருக்கிறது. பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கலாம், நேராக நடுவரிடமும் போகலாம், காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். இந்த மூன்றில் எது முதலில் என்று சட்டம் வரிசை வைக்கவில்லை. குற்றம் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கது, பிணையில் விட முடியாத வகையைச் சேர்ந்தது. 32ஆம் பிரிவின்படி, பெண்ணின் சாட்சியம் ஒன்றை மட்டும் வைத்தே மீறல் நடந்தது என்ற முடிவுக்கு நீதிமன்றம் வரலாம். ஆனாலும் பள்ளி வருகைப் பதிவேடு, கண்காணிப்புக் கேமராப் பதிவு, தலைமையாசிரியையின் கடிதம் ஆகியவற்றை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேமராப் பதிவு தானாக அழிந்துபோகக் கூடியது, முதலில் அதைக் கேளுங்கள்.

இன்னொரு சிறு விஷயம். உத்தரவின் நகலை இரு தரப்புக்கும், அந்தப் பகுதிக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் கட்டணமின்றித் தர வேண்டும் என்று 24ஆம் பிரிவு இருக்கிறது. அந்த நகல் நிலையத்துக்கு வந்திருக்கும். ஆனால் அதிகாரி மாறினால் கோப்பு எங்கோ போய்விடும். நாங்கள் அந்தக் காலத்தில் பெண்களிடம் சொல்வது, நிலையத்துக்கு ஒரு நகலைக் கடிதத்தோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே. பள்ளிக்கும் ஒரு நகல் கொடுங்கள். தாள் கையில் இருந்தால் தலைமையாசிரியையும் அடுத்த முறை தயங்காமல் வெளியே போகச் சொல்வார்.

பதில்: பேர்ணாம்பட்டு வாசகி

நான் சட்டம் படித்தவள் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டதை மட்டும் எழுதுகிறேன். எனக்கும் ஓர் உத்தரவு இருந்தது. ஆறு மாதத்தில் சமாதானம் பேசி, என் விருப்பத்தோடு அவர் வீட்டுக்கே திரும்பிப் போனேன். உத்தரவை நீக்க மனுப் போடவில்லை, போட வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. எட்டு மாதம் அமைதியாக இருந்தது, பிறகு பழைய கதை. நான் காவல் நிலையத்துக்குப் போனபோது, "ஒன்றாகக் குடும்பம் நடத்திவிட்டீர்கள், உத்தரவு தானாகவே முடிந்துவிட்டது" என்றார்கள். சட்ட உதவி மையத்தில் கிடைத்த வழக்கறிஞர் அம்மா, அப்படி எதுவும் தானாக முடியாது என்று சொல்லி நடுவரிடம் நேராக மனுப் போட்டார், நடுவரும் எடுத்துக்கொண்டார். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். 15100 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்கிறார்கள்.

அக்கா, உங்கள் தங்கை சேர்ந்து வாழ விரும்பினால் அது அவள் முடிவு, யாரும் குறுக்கே நிற்க முடியாது. ஆனால் சேர்ந்து வாழ்வதற்கு உத்தரவை நீக்க வேண்டிய அவசியமில்லை. பேசக் கூடாது, வரக் கூடாது என்ற பகுதியை மட்டும் தளர்த்தி, அடிக்கக் கூடாது என்ற பகுதியை அப்படியே வைத்திருக்கும்படி திருத்தம் கேட்கலாம் என்று எனக்கு அந்த அம்மா பிறகு சொன்னார். முதலிலேயே தெரிந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

குடியாத்தம் அக்கா

எல்லோருக்கும் நன்றி. தங்கையிடம் வாசித்துக் காட்டினேன். இப்போதைக்குச் சேர்ந்து வாழும் எண்ணம் இல்லை என்று அவள் சொல்லிவிட்டாள், கையெழுத்தும் போடப் போவதில்லை. நாளை பள்ளியில் கேமராப் பதிவைக் கேட்கிறோம். கடைசியாக ஒரே ஒரு சந்தேகம் இருக்கிறது. அவர் விவாகரத்து வழக்கும் போட்டிருக்கிறார். தீர்ப்பு வந்துவிட்டால் அவள் மனைவி இல்லையே, அப்போது இந்த உத்தரவு என்ன ஆகும்?

பதில்: சத்துவாச்சாரி வழக்கறிஞர்

விவாகரத்துத் தீர்ப்பு வந்ததாலேயே பாதுகாப்பு உத்தரவு விழுந்துவிடாது. மணவாழ்க்கைக் காலத்தில் நடந்த வன்முறைக்காக, விவாகரத்துக்குப் பிறகும் இந்தச் சட்டத்தின் கீழ் நிவாரணம் கேட்கலாம் என்று 2014ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே கையில் இருக்கும் உத்தரவுக்கும் அதுவே நியாயம். அவர் விரும்பினால் அந்தத் தீர்ப்பைக் காட்டித் திருத்தம் கேட்டு நடுவரிடம் வரலாம், நடுவர் இரு தரப்பையும் கேட்டு முடிவு செய்வார். மாதாந்தரப் பணம் பற்றிய பகுதியில் அப்போது மாற்றம் வரக்கூடும். 25ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு பாதுகாப்பு உத்தரவை மட்டும்தான் பெயர் சொல்லிக் காக்கிறது, பணத்துக்கும் குடியிருப்புக்கும் அந்தந்த உத்தரவின் வாசகம்தான் அளவு. ஆகவே விவாகரத்து வழக்கில் சமரசப் பேச்சு வந்தால், "ஏற்கெனவே உள்ள எல்லா உத்தரவுகளையும் கைவிடுகிறேன்" என்ற வரி ஒப்பந்தத்தில் சத்தமில்லாமல் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வரியை நீக்கச் சொல்லிவிட்டுப் பிறகு உங்கள் தங்கை கையெழுத்துப் போடட்டும்.